ஆறு குதிரைக்கு ஒரே அளவுச் சேணம்: விஜயபுரத்திலிருந்து கார்வேட்டிநகரம் வரை

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். தை மாதம் நடந்ததை ஆவணி வரைக்கும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அடுத்த குளிர்காலத்தில் சித்தூர், திருப்பதிப் பக்கம் குதிரைச் சவாரி போகலாம் என்று நினைத்திருப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

சவாரியை நடத்துபவர் என் அக்காவின் கணவர். இந்தக் கட்டுரையில் அவர் மாமா, அவ்வளவுதான். இருபது வருடம் நகரி, திருத்தணி, புத்தூர் என்று கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை அனுப்பியவர். மாப்பிள்ளைகள் திறந்த காருக்கு மாறிவிட்ட பிறகு, விஜயபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள தன் நிலத்தில் கொட்டகை போட்டு, கான்பூரிலிருந்து ஆறு சேணம் வாங்கி, காட்டுச் சவாரிக்காரராக மாறினார். ஆறும் ஒரே அளவு. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்றார்.

நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித் தருகிறேன். பதவி உயர்வில் என்னைத் தாண்டிப் போன மூன்று பேரின் முகமும் எனக்கு மறக்காது, அது வேறு கதை. ஸ்கூட்டரில் விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து குலுங்கும் எதிலும் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு மிச்சம் இருந்தது மாமாவிடம் இருந்த பவளம் என்ற மார்வாரிப் பெண் குதிரை ஒன்றுதான். அந்த இனத்தில் சில குதிரைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நடை உண்டு. ரேவால் என்பார்கள். நாலு காலையும் தனித்தனியாக எடுத்து வைத்து, ஓட்டம் மாதிரி வேகத்தில், முதுகை அசைக்காமல் போகும். கையில் டீ வைத்துக்கொண்டு உட்காரலாம். மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பவளத்தின் மேல் போனேன். அதற்குப் பதிலாக மாமாவின் வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதினேன். குதிரையை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டபோதெல்லாம் “பாக்கலாம் மச்சான்” என்பார்.

போகும் வழி: திருப்பதியிலிருந்து புத்தூர் வழியாக நகரிக்கு அடிக்கடி பேருந்து உண்டு. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேமுக்கால் மணி நேரம். நகரியிலிருந்து விஜயபுரம் பக்கம் ஷேர் ஆட்டோ. காலை ஆறு மணிப் பேருந்தைப் பிடித்தால் ஒன்பதுக்குள் கொட்டகையில் இருக்கலாம். சவாரி இரண்டு நாள், சாப்பாட்டோடு ஆளுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு. நெல் அறுத்து வயல் காய்ந்திருக்கும் தை, மாசிதான் ஏற்ற காலம். அதில் குறை இல்லை.

அன்றைக்கு என்னைத் தவிர சென்னையிலிருந்து ஒரு தம்பதி, திருப்பதி வங்கி அதிகாரி ஒருவர், முன்னால் மாமா. குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் முனிரத்தினம் நகரிக்காரன், ஆறாவது குதிரையில் பின்னால் வருவான். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் பவளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“சார், வயித்துப் பட்டைய இழுத்தா பல்லு காட்டுது. நேத்துலர்ந்து இப்டித்தான்.”

மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஒரேய், இன்கோ கம்பளி வெய்யிரா. மெத்துனு இருந்தா சும்மா நிக்கும்.”

ஏற்கெனவே இரண்டு கம்பளி இருந்தது. மூன்றாவதை மடித்து வைத்தான். எனக்கு அதைவிட உறுத்தியது சேணம் உட்கார்ந்திருந்த இடம். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டின் மேலேயே ஏறியிருந்தது.

“மாமா, சேணம் ரொம்ப முன்னாடி இருக்குது.”

“முன்னாடி குந்துனாதான் மச்சான், மாப்ள போட்டோல தெரிவான்.”

“இங்க மாப்பிள்ளை யாரு?”

“நீதான். தல நரைச்சா இன்னா, ஏறிக் குந்து.”

சென்னைப் பெண் சிரித்துவிட்டார். நானும் ஏறினேன்.

இங்கேதான் தவறு. இதை எங்கள் பக்கத்தில்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். ஊர்வலக் குதிரை தெருவில் பத்தடி நகர்ந்து பேண்டு சத்தத்துக்கு நிற்கும். பட்டுவேட்டி கட்டியவன் வழுக்காமல் உயரமாகத் தெரிய வேண்டும். அதனால் சேணத்தை மேட்டின் மேல் வைத்துக் கட்டுவது அவர்களுக்குக் கைப்பழக்கம். நாற்பது கிலோமீட்டர் போகிற குதிரைக்கு அப்படிக் கட்டினால் தோள் நகர இடம் இருக்காது. குதிரை முன்காலை வீசும்போது அதன் தோள்பட்டை எலும்பு பின்னோக்கிச் சரிகிறது. ரேவால் நடையில் அந்தச் சரிவுதான் எல்லாமே. சேணத்தின் உள்ளே உள்ள மரச்சட்டம் அதை ஒவ்வொரு அடியிலும் இடிக்கும். கம்பளி சேர்க்கச் சேர்க்க இறுக்கம் கூடும். சின்னச் செருப்புக்குள் மூன்று ஜோடி காலுறையோடு நடந்து பாருங்கள்.

முதல் பத்துக் கிலோமீட்டரும் மாநில எல்லையை ஒட்டிய வண்டிப்பாதை. எல்லை முடிவானபோது நட்ட கற்கள் இரண்டு மூன்று இன்னும் வரப்போரம் நிற்கின்றன. திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். வேலைக்கு அந்தப் பக்கம் மனுப் போட்டால் நான் தெலுங்குக்காரன், இந்தப் பக்கம் போட்டால் அரவவாடு, அதாவது தமிழன். அந்தக் கல்லைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் போட்டோ எடுக்கத் தோன்றுகிறது, எனக்கு உதைக்கத் தோன்றுகிறது. மாமா அங்கே எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். வேர்க்கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து மாமாவிடம் கேட்டாள்.

“இன்னா ரெட்டியாரே, கல்யாணமா? பொண்ணு எங்க?”

“பொண்ணு தமிழ்நாட்டுல, மாப்ள ஆந்திராவுல. அதான் கல்லாண்ட நின்னுக்கினு கீறோம்.”

“அந்தக் கிழவனா மாப்ள? பொண்ணு வராது போ.”

எல்லாரும் சிரித்து ஓய்வதற்குள் பவளம் திரும்பி என் காலணியைக் கடித்தது. மூன்று வருடத்தில் ஒருமுறையும் கடித்ததில்லை.

அதற்குப் பிறகு நடை போய்விட்டது. ரேவாலில் கொஞ்ச தூரம், பிறகு குலுக்கல், பிறகு நின்று தலையை ஆட்டும். என் இடுப்பு விண்விண் என்று தெறித்தது. இறங்கி, பட்டையைத் தளர்த்திக் கையால் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

“ஆறாயிரம் கட்டனவங்க குந்திக்கினு வராங்க, ஓசில வந்த உனக்கு இன்னா நடை?” என்றார் மாமா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. நான் பணம் கட்டியவன் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும் அல்லவா.

“சேணம் இதுக்குப் பொருந்தல மாமா.”

“மச்சான், உனக்கு இடுப்பு நோவு. அதுக்குக் குதிரயக் குத்தம் சொல்லாத. புக்கு படிச்சவன் எல்லாம் ராவுத்தன் ஆயிட முடியாது.”

வங்கி அதிகாரி குதிரைமேல் இருந்தபடியே எனக்கு முதுகுவலித் தைலம் ஒன்றைச் சிபாரிசு செய்தார்.

மாலையில் புத்தூருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் தங்கல். நான் தோப்புக்குள் வந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சேணத்தை இறக்கினேன். பவளத்தின் முதுகு முழுக்க வேர்வை. மேட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் உலர்ந்திருந்தது. முனிரத்தினம் மாமாவைக் கூப்பிட்டான். அவர் சாப்பிட்ட கையோடு வந்து பார்த்தார்.

“காஞ்சி கீது பாரு. அங்க சேணம் படவே இல்ல. நல்லதுதானே?”

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈரத்துக்கு நடுவே உலர்ந்த திட்டு இருந்தால் அங்கே சேணம் படவில்லை என்று அர்த்தம் இல்லை. வேர்வைகூட வரமுடியாத அளவுக்கு அழுத்தியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை விரலால் தொட்டேன். பவளம் முதுகைத் தாழ்த்தி விலகியது. ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் வீங்கிவிட்டது.

மறுநாள் காலை புத்தூரிலிருந்து ஒரு கால்நடை மருத்துவரை நானே ஆட்டோவில் அழைத்துவந்தேன். அந்த அம்மா பார்த்துவிட்டு, இரண்டு மாதம் முதுகில் துணிகூடப் போடக்கூடாது என்றார். மாமா அவரிடம் பணிவாகத் தலையாட்டினார். அவர் போன பிறகு என்னிடம் சொன்னார்:

“ரெண்டு மாசம் சும்மா துன்னுக்கினு நிக்க நான் சத்திரமா நடத்தறேன்? மாசி முகூர்த்தம் வருது. திருத்தணியில ஒருத்தன் கேட்டுக்கினே இருக்கான். ஊர்வலத்துக்கு நடை எதுக்கு?”

மாசி முழுக்கப் புண் முதுகில் ஆளை ஏற்றினால் அந்தக் குதிரை திரும்பி வராது. அது அவருக்கும் தெரியும். பவளத்தின் கயிற்றை அவிழ்த்தேன். சவாரி முடிந்ததும் குதிரைகளை ஏற்றிக்கொண்டு போகும் லாரி கார்வேட்டிநகரத்துக்குத்தான் வருவதாக இருந்தது. தோப்பிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர், வெறும் முதுகோடு பவளம் முன்னால், நான் பக்கத்தில். அந்த ஊரில் பழைய ஜமீனும் அழகான கோயில் குளமும் உண்டு என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. குளத்தங்கரைச் சுவரில் முதுகைச் சாய்த்து லாரி வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் கொட்டகையில் பஞ்சாயத்து நடத்தியது அக்கா. அவள் அதிகம் பேசமாட்டாள். மாமாவிடம், “அத இவங்கிட்ட உடுங்க. தீனிய அவனே போட்டுக்கட்டும். உங்களுக்கு இன்னா நஷ்டம்?” என்றாள். மாமா மீசையை நீவினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இட்டுனு போ. குதிர என்னுதுதான், உங்கிட்ட நிக்கும். சேணம் கீணம்னு எவங்கிட்டயாவது வாயத் தொறந்த, மறுநாளே திருத்தணி.”

“சரி மாமா” என்றேன். கூடியிருந்தவர்கள் முன்னால் சொன்னேன். அதையும் நான் மறக்கமாட்டேன்.

பவளம் இப்போது என் பெரியப்பா மகனின் மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. சித்திரையில் முதுகு ஆறியது. அதன் பிறகுதான் சேணம் தேடினேன். தேடிய முறையைச் சொல்கிறேன், உங்களிடம் குதிரை இருந்தால் உதவும். வளைத்தால் வளைந்தபடி நிற்கும் தடித்த அலுமினியக் கம்பியை எடுத்து, தோள் எலும்புக்கு மூன்று விரல் பின்னால் முதுகின் குறுக்கே அழுத்தி, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டேன். அந்த அட்டையோடு பெங்களூரு போய், பழைய சேணம் விற்பவரிடம் ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பார்த்தேன். ஒன்பதாவதுதான் பொருந்தியது. பதினெட்டாயிரம் ரூபாய். வைத்துப் பார்க்கும்போது கம்பளி வேண்டாம், வெறும் முதுகில் வையுங்கள். மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். நடுவில் முதுகெலும்பின் மேல் எங்கும் படக்கூடாது. சேணத்தின் பின் விளிம்பு கடைசி விலா எலும்பைத் தாண்டக்கூடாது. நிற்கும் குதிரையில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். யாரையாவது முன்னால் பிடித்து நடக்கச் சொல்லி, சேணத்தின் முன்விளிம்புக்கு அடியில் கையை விட்டுக்கொண்டே கூட நடங்கள். தோள் உங்கள் விரலை நசுக்கினால் அந்தச் சேணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கடைசியில், அரை மணி நேரம் அதன் நடையிலேயே ஓட்டிவிட்டு இறக்கி வேர்வையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சீராக நனைந்திருக்க வேண்டும்.

வைகாசியில் முதல்முறை ஏறினேன். நூறடி தயங்கியது. பிறகு தலையைத் தூக்கிக்கொண்டு ரேவாலில் இறங்கியது. நான் பல வருடங்களாக யாரையும் மன்னித்ததில்லை, அன்றைக்கும் மன்னிக்கவில்லை, ஆனால் ஒரு மணி நேரம் யாரையும் நினைக்கவில்லை.

இப்போது ஏன் வாயைத் திறக்கிறேன் என்றால், போன வாரம் மாமாவின் புதிய விளம்பரம் வந்தது. மீதி ஐந்து குதிரைகளும் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் மூன்றுக்குத் தோள்மேட்டின் இரு பக்கமும் வெள்ளை முடி. பிறவியில் இல்லாதது, நான் அறிவேன். சேணம் நசுக்கி ஆறிய இடத்தில் முடி வெள்ளையாகத்தான் முளைக்கும். படத்துக்குக் கீழே “அபூர்வ வெண்மச்சம் கொண்ட குதிரைகள்” என்று எழுதியிருக்கிறார்கள். இந்தப் பருவத்துக்கு முன்பதிவு முடியும் தறுவாயில் இருக்கிறதாம்.

ஆகவே போகிறவர்களுக்கு: எந்தக் கொட்டகையானாலும் ஏறுவதற்கு முன் சேணத்தை இறக்கச் சொல்லி முதுகைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு இருந்தால் எப்படி வந்தது என்று கேளுங்கள். பட்டையை இழுக்கும்போது பல் காட்டும் குதிரையைத் திமிர் பிடித்தது என்று யாராவது சொன்னால், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். நான்கு பேர் கேட்டால் போதும், நாலாவது கம்பளி வாங்குவதற்குப் பதிலாக அவர்கள் ஒரு நல்ல சேணம் வாங்குவார்கள்.

இந்த வலைப்பூவை நடத்தும் நண்பர்கள் கீழே என் பெயரைப் போடலாமா என்று கேட்டார்கள். போடத்தான் ஆசை. கல்லூரியில் எத்தனையோ இடத்தில் என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வேறு பெயர் இருந்திருக்கிறது. பெயரைத் தட்டச்சு செய்தும் பார்த்தேன். நாளைக்கே யாராவது இதைப் படித்துக் காட்டுவார்கள், மாமா அக்காவைப் பார்த்து, “உன் தம்பி வேலையா?” என்பார். அவள் அவர் முகத்தைப் பார்த்து, “எங்க போட்டுக் கீது அவன் பேரு?” என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விதான் இனி பவளத்துக்கும் திருத்தணிக்கும் நடுவில் நிற்கிறது. பெயரை அழித்துவிட்டேன். பெயரில்லாமலேயே போடுங்கள்.