பாடம் பதினேழு

மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவை இயந்திரங்களைத் தாண்டிப் போனால் நீளமாக ஓர் அறை. சுவர் முழுக்க மரத்தட்டுகள்; தட்டு முழுக்க மடித்த வெள்ளைத் துணி. எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு, எத்தனை தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டருக்கு எத்தனை பச்சை அங்கி என்று பார்த்து அனுப்பும் வேலையை இருபத்திரண்டு வருஷமாக ஒரே பெண்தான் செய்துவந்தார். நர்ஸ் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் 'பெட்ஷீட் அக்கா'. சம்பளப் பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூட முழிப்பார்.

அக்கா அதிகம் பேச மாட்டார். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேச ஆள் இருந்தது. கணவர் பிளம்பர். குழாயை அவிழ்த்துக்கொண்டே அந்த வீட்டு மாமியார் மருமகள் சண்டையைத் தீர்த்துவைத்துவிட்டு வருகிற மனிதர். சாயங்காலம் வீடு திரும்பினால், யார் வீட்டு அடைப்பில் யாருடைய மோதிரம் கிடைத்தது, யார் வீட்டு மாடித் தொட்டியில் எத்தனை தவளை என்று ஆரம்பித்துவிடுவார். பகல் முழுக்கத் துணி மடித்த அக்கா வீட்டிலும் மேஜைமுன் நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். பிளம்பர் பின்னால் நாற்காலியைப் போட்டு அவருடைய முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பார்.

"கேக்கிறியா?"

"காது எனக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. சொல்லுங்க."

ஐம்பத்தெட்டாவது வயதில் ஒருநாள், யாரோ வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தவர், பாதிப் பேச்சில் நின்றுபோனார். இத்தனை நேரம் பேசாமல் இருக்க மாட்டாரே என்றுதான் அந்த வீட்டம்மா குனிந்து பார்த்தாராம்.

பக்கவாதம். வலது கால் மெதுவாக ஓரளவு திரும்பி வந்தது. வலது கை வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. 'ஆமா.'

அதே மருத்துவமனையின் பயிற்சிக் கூடத்துத் தெரபிஸ்ட் சின்னப் பெண். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்: "அக்கா, அவர் ஆமான்னு சொன்னா ஆமான்னு எடுத்துக்காதீங்க. இப்ப அவர்கிட்ட இருக்கிற வார்த்தை அது ஒண்ணுதான். சாப்பிட்டாச்சான்னாலும் ஆமா, வலிக்குதான்னாலும் ஆமா."

"எழுதிக் காட்டச் சொல்லலாமே?"

"பேச்சு எங்க போச்சோ எழுத்தும் அங்கதான் போயிருக்கு. தலையாட்டறதையும் முழுசா நம்ப முடியாது. கொஞ்ச நாள் போகட்டும்."

கொஞ்ச நாள் மூன்று வருஷமானது.

இடது கைக்குப் பழக்கம் வரட்டும் என்று தெரபிஸ்ட் பென்சில் பிடிக்கச் சொல்லியிருந்தாள். மகள் செல்போன் கடையில் வேலை பார்ப்பவள். வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் பென்சிலும், பழைய புத்தகக் கடையில் கிடைத்த படம் வரையும் புத்தகங்கள் இரண்டு மூன்றும் வாங்கி வந்து போட்டாள். அம்மாவும் மகளும் வேலைக்குப் போனபிறகு பிளம்பர் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னவோ செய்துகொண்டிருப்பார். யாராவது வந்தால் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவார். கவனிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. பொழுது போனால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, பிளம்பர் சுருட்டிய தாள் ஒன்றை நீட்டினார். "ஆமா" என்றார்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்துப் பார்த்தார். ஒரு பெண் மேஜைமுன் முதுகைக் காட்டி நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கவாட்டு ஜன்னல் வழியாக இடது தோளில் வெளிச்சம் விழுகிறது. கொண்டையிலிருந்து ஒரு மயிரிழை நழுவிப் பிடரியில் கிடக்கிறது. கோடு அங்கங்கே நடுங்கியிருந்தது. நடுக்கம் தெரியாத இடங்கள் பார்க்க அவ்வளவு அழகு.

"நானா?"

"ஆமா."

"என்னையா வரைஞ்சீங்க?"

"ஆமா. ஆமா." வாயின் இடது ஓரம் மட்டும் மேலே ஏறிச் சிரித்தது.

தெரபிஸ்ட் சொன்னது அக்காவுக்கு மறந்துவிடவில்லை. அன்றைக்கு அதை நினைக்க அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். முப்பது வருஷமாகப் பேசிக்கொண்டே இருந்த மனிதர் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார் என்று தோன்றியது. அந்த நினைப்போடு அடுப்படிக்குப் போய், எதற்குப் போனோம் என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

பெருமை பேசிப் பழக்கமில்லாத அக்கா மறுநாள் அந்தப் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு பயிற்சிக் கூடத்துக்குப் போனார். பார்த்ததும் தெரபிஸ்டுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எதையாவது பார்த்து வரைஞ்சாரா அக்கா?"

"பார்க்காமலே. மனசுல இருந்து. நான் இஸ்திரி போடறதை உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருப்பார்ல, அது."

இப்படிச் சொன்னது அக்கா. பிளம்பர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பயிற்சிக் கூடத்தின் நடுச்சுவரில் மாட்டினார்கள். மருத்துவமனை மாதாமாதம் வெளியிடும் இதழின் அட்டையிலும் அது வந்தது. 'பேச்சு போனது, அன்பு போகவில்லை: மனைவியை மனதிலிருந்து வரைந்த இடது கை' என்று தலைப்பு. அதே வரிகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் படத்தின் கீழேயும் ஒட்டினார்கள். பிளம்பருக்கு நல்ல சட்டையாகப் போட்டு அழைத்துவந்தார்கள். பெரிய டாக்டர் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். நாற்காலி வண்டிகளில் இருந்தவர்கள், ஒரு கை மட்டும் அசைகிறவர்கள், எல்லோரும் முடிந்த மட்டும் தட்டினார்கள்.

முதலில் பிளம்பரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். தெரபிஸ்ட் கீழே ஒட்டியிருந்ததை உரக்கப் படித்ததும் எழுந்து நின்றார். கண்ணாடியை விரலால் தட்டினார். அக்காவைப் பார்த்து, தெரபிஸ்டைப் பார்த்து, "ஆமா, ஆமா, ஆமா" என்றார். குரல் ஏறிக்கொண்டே போனது.

"சந்தோஷத்துல எப்படித் துடிக்கிறார் பாருங்க!" என்றார் பெரிய டாக்டர். மறுபடியும் எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினார்.

நாலு வாரம் போயிருக்கும். துணியறைக்குத் தெரபிஸ்ட் இறங்கி வந்தாள். அவள் அந்தப் பக்கம் வருவதே முதல் தடவை. கூடவே ஒரு மனிதர், மணிக்கட்டில் கட்டோடு. பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர், கைப் பயிற்சிக்கு வருகிறவர் என்று அறிமுகம் செய்துவைத்தாள். அக்கா ஒரு விரிப்பை உதறிக்கொண்டிருந்தார். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். கேட்காமலே தெரபிஸ்ட் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆசிரியர் கக்கத்தில் இருந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்து மேஜைமேல் வைத்தார். 'பாடம் பதினேழு: வேலை செய்யும் பெண்.' அதே மேஜை. அதே ஜன்னல். பிடரியில் அதே மயிரிழை.

"எங்க பசங்க வருஷா வருஷம் இதை வரைவாங்கம்மா. பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு. நாலு நாளா சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். பார்த்து வரையறது தப்பே இல்ல. இடது கையில இவ்வளவு வந்ததே பெரிய விஷயம். ஆனா கீழ எழுதியிருக்கிறது..."

"கீழ எழுதினது நான் சொன்னது சார்" என்றார் அக்கா.

விரிப்பை நாலாக மடித்தார். தெரபிஸ்டின் கையிலிருந்த முனையை வாங்கி எட்டாக மடித்தார். தட்டில் வைக்கப் போனவருக்கு அது எந்த வார்டு விரிப்பு என்று தெரியவில்லை.

அன்று மத்தியானமே மருத்துவமனை இதழைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் இல்லை, நாற்காலி போடச் சொன்னார்.

"இப்ப நான் என்ன பண்றதும்மா? அவர் ஏமாத்திட்டார்னும் போட முடியாது. நாங்க ஏமாந்துட்டோம்னும் போட முடியாது. நீங்க வீட்டுல அவர்கிட்டயே கேட்டுச் சொல்லிடுங்க. சொந்தமா வரைஞ்சீங்களான்னு."

"கேட்டா ஆமான்னு சொல்வார் சார்."

"அப்புறம் என்ன பிரச்சினை?"

"புத்தகத்தைப் பார்த்து வரைஞ்சீங்களான்னு கேட்டாலும் ஆமான்னுதான் சொல்வார்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில், மூலையில், பொடி எழுத்தில் ஒரு திருத்தம் வந்தது. குடும்பத்தார் தந்த தவறான தகவலால் பிழை நேர்ந்தது என்று. பொடி எழுத்தைத்தான் ஜனங்கள் தேடிப் படிப்பார்கள். சாப்பாட்டு அறையில் நர்ஸுகள் அக்காவுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"போகட்டும் விடுங்கக்கா. உங்களைச் சந்தோஷப்படுத்தணும்னு ஒரு பொய் சொல்லிட்டார் பாவம்."

"அவர் ஒரு பொய்யும் சொல்லல."

"ஆமாக்கா, ஆமாக்கா" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். புருஷனை விட்டுக்கொடுக்காத பெண் என்று அவர்கள் அக்காவைப் பற்றிப் பிற்பாடு பேசிக்கொண்டது அக்கா காதுக்கும் வந்தது. இனி யாரைப் பிடித்து, எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

விஷயம் தெரிந்து மகள் கொதித்துப்போய் வந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"அப்பா, அதை அம்மான்னு ஏன் சொன்னீங்க?"

"ஆமா" என்றார் பிளம்பர்.

"அவர் சொல்லலடி. நான் கேட்டேன்."

மகள் ஜன்னலோர மேஜையின் இழுப்பறையைத் திறந்தாள். புத்தகம் அங்கேயே இருந்தது. பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவளுடைய கோபம் இறங்கியது. "அம்மா, இங்க பாரு. இதுல நாப்பது படம் இருக்கு. பூ இருக்கு, குதிரை இருக்கு. அத்தனையும் விட்டுட்டு இதை ஏன் எடுத்தார்? உன்னை மாதிரி இருக்குன்னுதானே?"

அக்காவும் அப்படித்தான் நினைத்துவைத்திருந்தார். துணியறையிலிருந்து வீடுவரை அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் நடந்துவந்தார்.

புத்தகத்துக்கு அடியில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. மகள் எடுத்து ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள். ஆப்பிள், ஜாடி, பூனை, ஒற்றைச் செருப்பு. பாடம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பதினாறு படங்கள். முதல் படங்களில் கோடு தாளைக் கிழித்திருந்தது, போகப்போகத் தெளிந்திருந்தது. பதினேழாவது இல்லை. அதற்கப்புறம் பதினெட்டாம் பாடத்துப் படகு, பாதியில் நின்றிருந்தது.

இரண்டு பேரும் அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நன்றாக அமைந்த முதல் படம் என்பதால் கொடுத்தாரா? அதில் அக்காவைக் கண்டதால் கொடுத்தாரா? சொல்ல வேண்டியவர் நாற்காலியில் உட்கார்ந்து, இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கண்ணாடியைத் தட்டித் தட்டி அவர் கத்தியது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தப்பு என்று சொல்லத்தான் அந்தப் பாடுபட்டாரோ? நிஜமாகவே சந்தோஷமோ? அதையும் இனி யாரிடம் கேட்பது?

சுவரிலிருந்து கழற்றிய படத்தைத் தெரபிஸ்ட் பழைய தலையணை உறையில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். அக்கா அதைக் கொண்டுவந்து பிரிப்பதைப் பார்த்ததும் பிளம்பரின் முகம் தொங்கிப்போனது. படம் நன்றாக இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாரோ என்று அக்கா பதறினார். பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"படம் நல்லாதான் இருக்கு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் வாயை விட்டுட்டேன். புரியுதா?"

"ஆமா."

"கோவமா?"

"ஆமா."

அவருடைய வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நோய் வந்த நாளிலிருந்து அந்தக் கண் சும்மாவே வழிகிற கண். அக்கா துடைத்துவிட்டார்.

அதன்பிறகு பிளம்பர் புத்தகத்தைத் தொடவில்லை. மகள் எடுத்துக் கையில் கொடுத்தபோது கீழே தள்ளிவிட்டார். இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தவர், ஒருநாள் தாமாகவே வெற்றுத் தாளை இழுத்துப் பென்சிலைப் பிடித்தார். எதையும் கவிழ்த்து மறைக்கவில்லை. நீளமாக ஒரு கோடு, அதைச் சுற்றி வளையம் வளையமாகக் கிறுக்கல், ஓரத்தில் அழுத்தி அழுத்தி ஒரு கறுப்புக் கட்டம். முடித்துவிட்டு அக்காவின் பக்கம் நகர்த்தினார்.

அக்கா தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். சட்டென்று வாயைத் திறக்க இந்தமுறை பயமாக இருந்தது.

"குழாயா?"

"ஆமா."

"வீடா?"

"ஆமா."

கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கடைசியில் கேட்டுவிட்டார். "நானா?"

"ஆமா" என்றார் பிளம்பர், முன்பு சொன்ன அதே குரலில். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போனார்.

அடுத்த வாரம் இன்னொரு தாள். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. அந்தக் கறுப்புக் கட்டம் மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மூலையில். அக்கா எதையும் பயிற்சிக் கூடத்துக்கு எடுத்துப் போகவில்லை. தூக்கிப் போடவும் இல்லை. கசங்காமல் அடுக்கி அலமாரித் தட்டில் வைத்தார். மகள் வேலை முடிந்து வரும்போதெல்லாம் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

"என்னம்மா இது?"

"தெரியலடி" என்பார் அக்கா.