பச்சைப் புளிய விறகு

மலையடிவார விடுதியில் யாரோ மூட்டிய அடுப்பில் ஈர விறகின் நுனி நுரைதள்ளிச் சீறியது. அந்தப் புளித்த புகைக்குள் எங்கள் சின்னசேலம் வீட்டுக் கொல்லை வந்து நின்றது, இன்று நாலுவழிச் சாலைக்கு அடியில் கிடக்கிற கொல்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தவர்களில் அப்பாவும் ஒருவர். போலீஸ் தேடவும் கல்வராயன் மலைக்கு ஓடிவிட்டார். ஊரே அந்த மரங்களைத் துண்டுபோட்டு அள்ளியபோது அம்மாவும் சுமந்துவந்து, காற்று நுழையக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினாள்.

"இந்த வெறகு காயறதுக்குள்ள ஒங்கப்பா வந்துடுவாரு பாரு," என்றாள் என்னிடம்.

"இன்னாடி, புருசன் வெட்டுன மரத்துக்குக் காவல் காத்துக்கினு இருக்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே சிரிப்பாள்.

மாசங்கள் போயின, பட்டை கழன்றது, நுனிகள் வெடித்தன. அம்மா தினமும் கட்டையோடு கட்டையைத் தட்டிப் பார்ப்பாள், சத்தம் மந்தமாக வந்தால், இன்னும் ஈரம்தான் என்று அவள் முகம் தெளியும். கோடை ஏறியதும் அடுக்கு முழுவதையும் வேப்பமர நிழலுக்கு மாற்றினாள்.

"ஏம்மா, வெயில்லதான சீக்கிரம் காயும்?"

"மெதுவாவே காயட்டும்டி."

ஒரு சாயங்காலம் தட்டிய கட்டை கணீரென்றது. அவள் மறுபடி தட்டவில்லை. அதையே எடுத்துவந்து அடுப்பில் வைத்தாள். கண்ணில் கரிக்கப் புகையே இல்லை, சோறு சீக்கிரம் வெந்துவிட்டது. அப்பா போனபிறகும் தினமும் எடுத்துவைத்த மூன்று தட்டுகளில், அன்றைக்கு இரண்டுதான் எடுத்தாள்.