பாம்பின் வாயில் பொறை

அபிதகுஜாம்பாளுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. ராஜகீழ்ப்பாக்கம் பால்வாடியில் டீச்சருக்கென்று நாற்காலி இருந்ததென்னவோ உண்மை. அதில் அவருடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். எண்பத்தேழில் அவரைப் பிடித்து ஆட்டியது பரமபதம். மேலிடத்திலிருந்து வந்த சத்துணவுப் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கொட்டாவி விட்டதும், பழைய காலண்டர் அட்டைகளை ஒட்டி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கட்டம் போட்டுவிட்டார். ஏணிகளின் அடியில் முருங்கைக்கீரை, கேரட், பயறு. பெரிய பாம்பின் வாயில் டீயும், அதில் நனைத்துத் தின்னும் பொறை ரொட்டியும். பாம்பு கடித்தால் பிள்ளைகள் ஐயோவென்று அலறினார்கள். டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நாலாம் நாள் மீன்கூடையோடு வாசலில் வந்து நின்றாள் கன்னியம்மா, ஐந்து வயதுப் பொன்னியின் அம்மா.

"என் புள்ளைக்கு நான் பாம்பையா குடுக்கறேன்?"

விடியுமுன் கோவளத்துக்கு மீன் எடுக்கப் போகிறவள் அவள். போகுமுன் மகளுக்கு டீயும் ரெண்டு பொறையும் வைத்துவிட்டுப் போவாள். மூன்று நாளாகப் பொன்னி அதைத் தொடவில்லை, பாம்பு கடிக்குமாம். மத்தியானச் சோறு வரைக்கும் பட்டினி. அன்று காலை குழாயடியில் மயங்கி விழுந்திருக்கிறாள்.

"கீரை ஆய்ஞ்சிகினு இருக்க எனக்கு ஏது டீச்சர் நேரம்? இனிமே அவ இங்க வரமாட்டா."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். டீச்சர் வாசலுக்கும் அட்டைக்குமாக நடந்தார். படித்த திமிரில் ஒரு குழந்தையைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். சாயங்காலம் அதற்குமேல் பொறுக்கமாட்டாமல், அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்கே போனார்.

கன்னியம்மா முகம் கொடுக்கவில்லை. அட்டையை மட்டும் மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், இதுல மீனே காணோம்?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. மீன் நுழையாத வீட்டில் பிறந்தவர். அரைவாசிப் பிள்ளைகள் மீன்குழம்பில் வளரும் ஊரில், மீனே இல்லாமல் சத்துணவு சொல்லிக்கொடுத்திருக்கிறார்!

"தப்பு என்னோடதுதான் கன்னியம்மா. எந்த மீனைப் போடலாம், நீங்களே சொல்லுங்க."

"நெத்திலி. முள்ளோட துன்னலாம்."

டீச்சர் வரைந்தார்.

"ஐயே, சுறா மாதிரி கீது!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, விற்றது போக மிஞ்சியதில் ஒரு நெத்திலியை எடுத்து அட்டைமேல் வைத்தாள். டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதை ஒரு விரலால் அழுத்தி, சுற்றிலும் கோடு இழுத்தார். அங்கிருந்து உச்சிக் கட்டம் வரை ஏணி போட்டார்.

பிறகு டீயையும் பொறையையும் சுரண்டி எடுத்தார். பாம்பின் வாய்க்கு ஏதாவது வேண்டுமே! சற்று யோசித்து, ஒரு வெறும் தட்டை வரைந்தார்.

கதவோரம் நின்றிருந்த பொன்னி வந்து குனிந்து பார்த்தாள். தட்டின்மேல் விரலை வைத்தாள்.

"மூணு நாளா நான் இங்கதான் டீச்சர் இருந்தேன்."

கன்னியம்மா எழுந்து போய் டீ போட்டு எடுத்து வந்தாள். டீச்சர் தரையில் உட்கார்ந்து, பொறையை நனைத்து, பொன்னியின் வாயில் வைத்தார்.