பழ வாசனை வந்தால் குணமாம்

1. கோட்டும் குழாயும்

இயற்கை வைத்திய நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டும் ஒரு எனிமா கேனும் கொடுத்தார்கள். ஐம்பதுகளின் கடைசி அது. கொடைக்கானலிலிருந்து வட்டக்கானல் போகும் வழியில், யாரோ ஒரு துரை விட்டுப்போன பங்களாவை வாடகைக்குப் பிடித்து நிலையம் நடத்தினார் ஒருவர். திண்டுக்கல்லில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரானவர். நாங்கள் அவரை அய்யா என்போம். தன் வயிற்றுவலிக்காக ஒரு புத்தகம் படித்தாராம். வலி போய்விட்டதாம். அந்தச் சூட்டோடு ஊருக்கே வைத்தியராகிவிட்டார்.

நான் பாச்சலூர்க்காரன். அங்கே மழைக்குக் குறைச்சலில்லை. ஆனாலும் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவன். அப்படிப்பட்டவனுக்குத்தான் அந்தக் கோட்டு. எனிமா குழாயைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடப்பேன். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு டாக்டர். கிட்டே வந்தவர்களுக்கு மூக்கே விஷயத்தைச் சொல்லிவிடும்.

வெள்ளனே எழுந்து மண் குழைத்து நோயாளிகள் வயிற்றில் மண்பட்டி போட வேண்டும். அப்புறம் தகரத் தொட்டியில் பச்சைத்தண்ணீர் நிரப்பி இடுப்புக் குளியலுக்கு உட்கார வைக்க வேண்டும். மார்கழியிலும் இதே கதைதான். பற்கள் கிட்டித்துக்கொள்ளும்போது, "ரத்தம் ஓடுற சத்தம் கேக்குதா?" என்பார் அய்யா. அடுத்தது சூரியக் குளியல். எதிரே நிற்கிற ஆள் தெரியாத மேகமூட்டத்தில் கோவணத்தோடு பலகையில் கிடப்பார்கள்.

"சூரியனக் காணமேங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒங்களுக்குத் தெரியலேன்னா என்ன, அவருக்கு ஒங்களத் தெரியாதா?" என்றார் அய்யா.

நோய் குறைந்தால் சிகிச்சை பலிக்கிறது என்பார். நோய் கூடினால் கழிவு வெளியேறுகிறது, இன்னும் நன்றாகப் பலிக்கிறது என்பார். சளி, பேதி, மயக்கம் எல்லாம் அவர் அகராதியில் கழிவுதான்.

2. பஞ்சாமிர்தக் கடை முதலாளி

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவர் ஒருவர் மனைவியோடு வந்து சேர்ந்தார். வாலிபத்திலேயே சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி. அந்தம்மாதான் ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்துப் போட்டுவிடுவார்.

"நான் விக்கிற பஞ்சாமிர்தத்த நானே நாக்குல வைக்க முடியல தம்பி. பதம் பாக்கப் பக்கத்துக் கடைக்காரனக் கூப்பிட வேண்டிக் கெடக்கு. அவன் நல்லா இல்லேன்னே சொல்லுறான்" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அய்யா ஊசியை நிறுத்தச் சொன்னார். பழச்சாறும் தண்ணீரும் மட்டும்தான் ஆகாரம்.

"ஒரு வேளகூட விடக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாரேங்கய்யா" என்றார் அந்தம்மா.

"ஊசி போட்டாத்தானம்மா டாக்டருக்குச் சோறு."

முதலாளி சிரித்தபடி மருந்துப் பெட்டியைத் தானே எடுத்து அய்யாவிடம் கொடுத்துவிட்டார்.

சில நாளில் அவருக்குத் தாகம் அடங்கவில்லை. குடம் குடமாகக் குடித்தார், அதற்குமேல் வெளியேற்றினார். வாந்தியும் சேர்ந்துகொண்டது. அய்யா முகத்தில் கல்யாணக் களை. ஒரு சாயங்காலம் எங்களையெல்லாம் கூப்பிட்டார்.

"அவரு மூச்ச மோந்து பாருங்க. ஒடம்பு சுத்தமாயிருச்சு. பழ வாசன வருது."

நானும் குனிந்து மோந்தேன். சும்மா இருக்காமல் நற்சான்றும் கொடுத்தேன். "விருப்பாச்சி மலைவாழப் பழங்கய்யா. நல்லாக் கனிஞ்சது."

3. நானா கழிவு?

மறுநாள் காலை அவர் மலையேறியவர்போல் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுபோன மனைவியைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டம்மா?" என்றார். அந்தம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"ஏப்பா கோட்டு, இங்க வா. இவுகளத் தூக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அய்யா ஓடி வந்தார். "உச்சத்துல இருக்காரும்மா. இப்பத் தூக்குனா எல்லாம் வீணாப் போயிரும். கழிவு வெளியேறுது."

"பொண்டாட்டியவே தெரியல. நானாய்யா கழிவு?"

அய்யா வழிவிட்டு ஒதுங்கி நின்றார். கடைத்தெருவில் பூண்டு மூட்டை இறக்கிவிட்டு நின்றிருந்த பூண்டி ஊர் லாரியைக் கெஞ்சிக் கூட்டிவந்து முதலாளியை ஏற்றினோம். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். சாக்கின் பூண்டு நெடியையும் மீறி அந்தப் பழ வாசனை வந்தது.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வாசலிலேயே குனிந்து ஒரு தடவை மோந்தார்.

"இன்சுலின எப்ப நிறுத்துனீங்க?"

ஊசியைப் பற்றி நாங்கள் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. நான் முந்திக்கொண்டு, "வாசன நல்ல குறிதானுங்களே?" என்றேன்.

அவர் என் கோட்டைப் பார்த்தார். "நீங்க எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்லீங்க, இயற்கை வைத்திய நெலையத்துல குளியல் தொட்டி ரொப்புறவனுங்க."

"அப்பக் கோட்டக் கழட்டி அவருக்குப் போத்துங்க, குளுந்து கெடக்காரு. ஊசி இல்லாம ஒடம்பு தன்னையே எரிச்சுக்கிட்டிருக்கு. அந்த வாசனதான் இது. இன்னும் விட்டிருந்தா மூச்சு நின்னுருக்கும்."

ஊசியும் சலைனும் ஏறின. மறுநாள் அவர் கண்ணைத் திறந்து மனைவியிடம், "கடைய யாரு பாக்குறா?" என்றார். அந்தம்மா முதலில் அழுதார். அப்புறம் திட்ட ஆரம்பித்தார். நான் அவர்களைப் பஸ் ஏற்றிவிடும் வரைக்கும் நிறுத்தவில்லை.

நிலையத்துக்குத் திரும்பினால், புதிதாக வந்தவர்களிடம் அய்யா சொல்லிக்கொண்டிருந்தார்: "நாம கழுவிக் குடுத்த ஒடம்பு. அதான் ஆஸ்பத்திரியில வெரசா எந்திரிச்சிட்டாரு."

கீரை தின்பதிலும் நடப்பதிலும் பழுதில்லை. இன்றைக்கும் நான் இரண்டும் செய்கிறேன். ஆனால் இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் வாத்தியாரிடம் முதலில் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். அன்று நான் கேட்டது அதுதான்.

"அய்யா, நம்ம வைத்தியம் பலிக்கலேன்னா அத எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

அவர் உண்மையாகவே யோசித்தார்.

"ஏலே, பலிக்கலேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்லையே" என்றார்.

எப்படி வருவார்கள்? அன்றோடு அந்த வேலையை விட்டேன்.