பனிக்குள் அழுதவள்

ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, மறுபடி வேலைக்குப் போன நாட்கள் அவை.

குழந்தையை அடக்கத்துக்குத் தூக்கிப் போனபோது லயத்து வீடுகள் எல்லாமே மாரடித்து அழுதன. பெற்ற என் கண்ணில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். துக்கம் என்று எதுவும் தெரியவில்லை, நெஞ்சுதான் அடைத்தது. வாயு என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக் குடித்தேன்.

கைக்குழந்தைக்காரிகள் காலையில் ஒருமுறை பால் கொடுக்க, பிள்ளைகளை விட்டிருக்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் போவார்கள். முன்பு நானும் அவர்களோடு ஓடியவள்தான். இப்போது அந்த நேரத்தில் என் பக்கத்து நிரைகள் காலியாகிவிடும். பனிமூட்டம் இறங்கினால் எதிரே இருக்கும் செடிகூடத் தெரியாது. அப்போதுதான் அது கேட்கும். ஒரு பெண் மூச்சை அடக்கி அடக்கி அழுவாள்.

யாரது என்று குரல் கொடுத்தால் நின்றுவிடும். கொழுந்தில் கை வைத்ததும் மறுபடி தொடங்கும். கங்காணியிடம் கேட்டு வேறு நிரைக்கு மாறினேன். அங்கேயும் வந்தது. முனியாண்டிக்குச் சூடம் கொளுத்தியும் போகவில்லை. உங்களுக்கும் கேட்கிறதா என்று மற்றப் பெண்களிடம் கேட்டேன். கேட்கிறது என்று தலையாட்டினார்கள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து யாரும் என் பக்கத்தில் நிற்கவில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் பேயோட்டும் கோடாங்கிக்குச் சொல்லி அனுப்பினார். கோடாங்கி வந்தால் முடியைப் பிடித்துச் சாட்டையால் அடிப்பான்.

அவன் வரவேண்டிய நாளன்று காலை, பால் கொடுக்கப் போன பக்கத்து வீட்டு அக்கா சீக்கிரமே திரும்பி, பனிக்குள்ளிருந்து என் எதிரே வந்து நின்றார். அழுகை கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்தா அழுவுறா, கேக்குதா?" என்றேன்.

"நீதாம்மா அழுவுற. தெனமும் நீதான்" என்றார்.

அவர் என் கையைப் பிடித்து என் கன்னத்திலேயே வைத்தார். நனைந்திருந்தது. பனி ஈரம் என்று சொன்னேன்.

"நாக்குல வச்சுப் பாரு."

உப்புக் கரித்தது. அந்த நொடியில் எனக்கு வந்த பயம், எந்தப் பேயை நினைத்தும் வந்ததில்லை. பிறகு செடிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து, பிள்ளையின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதேன். கோடாங்கியை அக்காவே வழிமறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

தன் மனசு தனக்குத் தெரியாதா என்று யாராவது இன்று சர்வசாதாரணமாகச் சொன்னால், எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்குகிறது.