பலகையில் தொங்கிய பதினொன்று

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் என் நாட்குறிப்பு இப்படித் தொடங்குகிறது: "மாலை 4.40. மூன்றாவது குவார்ட்டர். பதினொன்று விழுந்தார். வலது முழங்கால்." அதற்குக் கீழே இரண்டு வரி வெற்றிடம். முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். வரி விட்டு எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று விட்டேன்.

பதினொன்று என்பது அவருடைய சட்டை நம்பர். எங்கள் சுரங்க ஊரின் ஸ்கெலட்டன் பகுதியில் பாஸ்கெட்பால் பார்க்கிற எல்லோருக்கும் அவர் பெயரும் அதுதான். வயது நாற்பத்திரண்டு. விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் நின்றபடியே எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, மாலை ரயிலில் திரும்பி வந்து விளையாடுகிறவர். நான் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க். ஞாயிறுதோறும் கோர்ட் ஓரத்தில் மேசை போட்டு ஸ்கோர் எழுதுவேன். பத்தொன்பது வருடமாக அவர் போட்ட ஒவ்வொரு கூடையும் என் கையெழுத்தில் இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன்னால் அதே வலது முழங்காலில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. தசைநார் கிழிந்திருந்தது. "இது இன்னொரு தடவை கிழிந்தால் விளையாட்டை மறந்துவிடுங்கள், நின்று பார்க்கிற வேலையையும் யோசித்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். படிக்கட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். அதனால்தான் அவர் ரீபவுண்டுக்கு எகிறி, இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது யாரும் சத்தம் போடவில்லை. அறுபது பேர் இருந்த இடத்தில் பந்து தானாக உருண்டு வேலியில் முட்டிய சத்தம் எனக்குக் கேட்டது.

முதலில் பேசியவர் கீழ்ப்படியில் எப்போதும் உட்காரும் பென்ஷன்காரர். சுரங்கத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர்.

"இன்னாப்பா, எழுந்துக்க முடியுதா?"

"முடியல நைனா" என்றார் பதினொன்று. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனவரும் எங்கள் ரசிகர்தான். ஆட்டோவின் பின்பக்கம் பெரிதாக 11 என்று எழுதி வைத்திருப்பவர். "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு போன் பண்றேன்கா, யாரும் போயிடாதீங்க" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்தார்கள். மூன்று புள்ளியில் தோற்றோம்.

இங்கே எங்கள் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் ஷிஃப்டுக்கு இறங்குகிற ஆள் தன் நம்பர் போட்ட டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவார். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார். டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார். எங்கள் கோர்ட்டில் பல வருடத்துக்கு முன்னால் ஒரு ஆட்டக்காரர் ஷெட்டுக்குப் பின்னால் மயங்கி விழுந்து கிடந்தார். அது தெரியாமல் எல்லோரும் கேட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டோம். அதற்குப் பிறகு கேட் பக்கத்தில் ஒரு பலகை அடித்தோம். பதினான்கு ஆணி, பதினான்கு டோக்கன். சில டோக்கன்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்த நிஜமான பித்தளை. மற்றவை தகரத்தில் வெட்டி நம்பர் குத்தியவை. உள்ளே வரும்போது மாட்ட வேண்டும், போகும்போது எடுக்க வேண்டும். எடுத்தால் "மேல வந்துட்டான்" என்போம். கடைசி டோக்கன் போகிறவரை கேட்டைப் பூட்டக் கூடாது. ரூல் போட்டதும் நான், சாவியும் என்னிடம்.

அன்று மாலை எல்லோரும் தங்கள் டோக்கனை எடுத்துக்கொண்டார்கள். பதினொன்று மட்டும் தொங்கியது. அது அவருடைய அப்பாவின் பித்தளை டோக்கன். நம்பர் மட்டும் மாற்றிக் குத்தியது.

ஆறு மணி வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அதற்குள் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் அவருக்குக் கால் எடுக்கப் போவதாகவே செய்தி பரவியிருந்தது. அங்கிருந்து ஒருவர் எனக்கே போன் போட்டு, "எந்தக் கால் அக்கா?" என்று கேட்டார். 6.10க்கு ஆட்டோக்காரர் கூப்பிட்டார். எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருக்கிறதா என்பது ஸ்கேனில்தான் தெரியும், செவ்வாய்க்கிழமை ஸ்கேன், இப்போது மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம் என்றார்.

அன்று இனி அவர் கோர்ட்டுக்குத் திரும்பி வரப்போவதில்லை. அப்படியிருக்க டோக்கன் எதற்குத் தொங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஸ்கோர் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன், மேசையை மடித்துவிட்டேன், இது ஒன்றுதான் பாக்கி. ஆணியிலிருந்து எடுத்தேன். பென்ஷன்காரர் என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. நான் கேட்டைப் பூட்டிவிட்டு டோக்கனோடு அவர் வீட்டுக்கு நடந்தேன். ஏழு நிமிட நடை.

என் அப்பா சுரங்கத்தில் டைம் ஆபீஸ் கிளார்க். ஒருநாளும் கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் ஏறிக் கீழே போகாதவர். எங்கள் வீட்டில் டோக்கன் என்றால் கணக்குச் சரிபார்க்கிற ஒரு பொருள். ஷிஃப்ட் முடிந்து எண்ணிக்கை சரியாக வந்தால் அப்பா முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். அந்த நிம்மதிக்காகத்தான் நானும் போனேன் என்று இப்போது தெரிகிறது.

தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கடைசிக்கு முந்தைய வீடு. அவருடைய மனைவி வாசலில் நின்றிருந்தாள். புருஷன் விழுந்த செய்தி மட்டும் அவளுக்கு எட்டியிருந்தது. அவள் கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை. அவர் போன் பையோடு ஆட்டோவில் கிடந்தது. நான் பக்கத்தில் போய், ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால், கையை நீட்டி டோக்கனைக் காட்டினேன்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. "யாரு அக்கா எடுத்தது?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய அப்பா சுரங்கத்தில் பாறை வெடித்து இறந்தவர். அப்போது அவளுக்கு எட்டு வயது. இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கையில் டோக்கனை எடுத்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. முட்டிதான். வந்துகினே இருக்காரு, மாத்திரை வாங்கப் போயிருக்காங்க" என்றேன். இரண்டு முறை சொன்னேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. அவள் டோக்கனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளவில்லை. நேரம் குறிக்காமல் விட்ட சம்பவம் என் வாழ்க்கையில் அநேகமாக அது ஒன்றுதான்.

ஆட்டோ ஹாரன் தெருமுனையில் கேட்டது. பதினொன்று ஒற்றைக் காலில் குதித்து இறங்கினார். மனைவி தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னா ஆச்சு இவளுக்கு?" என்றார்.

"எனக்கு இன்னா ஆவணும்? போன எடுக்க மாட்ட. அந்த ஆட்டோல ஏறனா போன் கூடவா எடுக்க முடியாது?" என்றபடி அவள் எழுந்தாள். அவர் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் உட்காரவைத்து, காலுக்குக் கீழே தலையணை வைத்துவிட்டுத் திரும்ப வாசலுக்கு வந்தாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"எங்க நைனா டோக்கன ஒருத்தர் இப்டிதான் கொண்டாந்து குடுத்தாருக்கா. இதே மாதிரி சாயங்காலம். அவரும் நல்லவருதான். சட்டையெல்லாம் இன் பண்ணிகினு வந்தாரு."

"என்ன மன்னிச்சிடும்மா" என்றேன்.

"எடுத்துகினு போய் மாட்டிடுங்க. அவரு டோக்கன அவரே வந்து எடுக்கட்டும்" என்றாள்.

கோர்ட்டுக்குத் திரும்பினேன். பென்ஷன்காரரும் இன்னும் நாலைந்து பேரும் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். நான் பூட்டைத் திறந்து டோக்கனை மாட்டினேன். "எடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே" என்று பென்ஷன்காரரிடம் கேட்டேன்.

"நீதான் ரூல் போட்ட ஆளு. உனக்கு நான் இன்னாத்த சொல்றது?" என்றார். கோபமில்லை. சிரிப்புமில்லை.

டோக்கன் தொங்கினால் கேட்டைப் பூட்ட முடியாது. அதனால் அன்றிலிருந்து கேட் திறந்தே இருந்தது. இருட்டினால் ஆட்டோக்காரர் தன் வண்டியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போனார். பகலில் ரசிகர்கள் முறை வைத்து உட்கார்ந்தார்கள். முறைப் பட்டியல் நான்தான் போட்டேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர். திங்கட்கிழமை மதியம் என் முறை. பள்ளியில் அரை நாள் விடுப்பு எடுத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது நான்கு ஆடுகள் நடுவட்டத்தில் படுத்திருந்தன. எனக்கு முந்தைய முறை பென்ஷன்காரருடையது.

"ஆடு உள்ள வந்திருக்கே?" என்றேன்.

"டோக்கன் மாட்டிகினு வந்துச்சான்னு கேட்டேன். பதில் சொல்லல."

அன்று மாலை படிக்கட்டில் பேச்செல்லாம் முழங்காலைப் பற்றித்தான். பென்ஷன்காரர் வேட்டியை மடித்துத் தன் இடது முட்டியைக் காட்டினார். "கீழ் லெவல்ல கல்லு விழுந்த முட்டி. இன்னிக்கும் மார்க்கெட் வரைக்கும் நடந்துதான் போறேன்."

"உனக்கு ஸ்கேன் எடுத்தா உள்ள ஒண்ணுமே இருக்காது பெருசு" என்றார் ஆட்டோக்காரர். "பழக்கத்துல நடந்துகினு கீற."

எல்லோரும் சிரித்தோம். பிறகு யாரோ "கிழிஞ்சிருந்தா?" என்றார். சிரிப்பு நின்றது. ஆட்டம் போவது ஒரு பக்கம். நிற்க முடியாவிட்டால் வேலை என்ன ஆகும், அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும் என்று எல்லோரும் மனதுக்குள் நினைத்தோம். அந்த வாரம் ஆட்டமே இல்லாத நாட்களிலும் பாதிப் பேர் படிக்கட்டுக்கு வந்தார்கள். வெறும் கோர்ட்டையும் ஒரு பித்தளைத் துண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். புதன்கிழமை காலை 11.20க்குப் பள்ளி அலுவலகத்தில் என் போன் அடித்தது. அவருடைய மனைவி.

"அக்கா, கிழியல."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"சுளுக்கும் வீக்கமும்தானாம். பழைய தையல் நல்லா கீதாம். பத்து நாள்ல வேலைக்குப் போலாமாம். ஆட்டத்துக்கு ரெண்டு மாசம் பொறுக்கணுமாம். உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். நீங்களே எல்லாருக்கும் சொல்லிடுங்க."

யார் யாருக்குச் சொன்னேன் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். பதினேழு பேர். ஆட்டோக்காரர் பதிலுக்கு ஹாரனை மட்டும் அடித்துக்கொண்டிருந்தார். அவள் முதல் போனை எனக்குப் போட்டதை நான் எந்த வரிசையிலும் எழுதவில்லை. அதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. அவள் வாசலுக்கு அப்படிப் போய் நின்ற என்னை அவள் வெறும் கையோடு திருப்பி அனுப்பியிருக்கலாம். அதற்குப் பதிலாக டோக்கனைத் திருப்பி மாட்டுகிற வேலையைக் கொடுத்தாள். மூன்று நாளும் என்னைத் தாங்கியது அந்த வேலைதான். அதற்கு நான் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை மாலை பதினொன்று ஆட்டோவில் வந்தார். முட்டியில் பட்டைக் கட்டு, கையில் ஊன்றுகோல். படிக்கட்டு நிறைந்திருந்தது, கைதட்டினார்கள். அவருக்குப் பின்னால் அவர் மனைவி இறங்கினாள். பத்தொன்பது வருடத்தில் அவள் கோர்ட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அவர் கேட்டருகே வந்து ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, பலகையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, டோக்கனை ஆணியிலிருந்து எடுத்தார்.

"மேல வந்துட்டாரு" என்றார் பென்ஷன்காரர்.

எல்லோரையும் வெளியே அனுப்பினேன். ஆடுகளையும்தான். கேட்டை இழுத்துச் சாத்தும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எண்ணிட்டீங்களாக்கா?"

"எண்ணிட்டேன். பதினாலும் காலி."

அவள் கேட் கம்பிக்குள் கையை விட்டு, பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பதினான்கு வரும்வரை காத்திருந்து, பிறகு நான் பூட்டினேன். மணி 6.05.

வீட்டுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திறந்தேன். விட்ட இரண்டு வரியில் ஒன்றில் எழுதினேன்: "கிழியவில்லை. வியாழன் மாலை அவரே எடுத்தார்." இன்னொரு வரியில், ஞாயிறு மாலை அதை நான் எடுத்துப் போனதை எழுதினேன்.