மூன்றாவது சிபியு

"எதையாவது குடுங்க. நாலு மணிக்கு ஓடணும்," என்று கடைக்காரரின் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தேன். மணி 3:05.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை. நம்ப முடியாதவர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

அன்று என் மகளுக்கு நுழைவுத் தேர்வு. வீட்டிலிருந்தபடியே, கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதுவது. அறையில் வேறு குரல் கேட்டால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு ரத்து. அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இதுதான் கடைசி வாய்ப்பு. மதியம் 2:20க்கு எங்கள் பழைய கம்ப்யூட்டர் 'டப்' என்றது. கருகல் வாசனை. முடிந்தது கதை.

பழைய கம்ப்யூட்டர்களைச் சரிபார்த்து விற்கும் கடை அது. துணைக்கு என் மனைவியின் தம்பி. ஊரில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் கூடப் போய்க் குறை சொல்கிறவன்.

கடைக்காரர் மூன்று சிபியுக்களை எடுத்து வைத்தார். முதலாவதில் கலர் கலராக விளக்கு.

"இதுல மெஷினை விட பல்புதான் ஜாஸ்தி மாமா. வேணாம்."

இரண்டாவதை ஆன் செய்ததும் மச்சான் காதைப் பொத்திக்கொண்டான்.

"மிக்ஸி வீட்லயே இருக்குங்க."

மூன்றாவது கறுப்பு. ஆன் செய்தோம். சத்தமே இல்லை.

"எட்டு ஜிபி ராம். டிஸ்க் புத்தம் புதுசு, இப்ப உங்க எதிர்லதான் டப்பா பிரிச்சுப் போட்டேன்," என்றார் கடைக்காரர்.

"இதான் மாமா. உங்களை மாதிரியே வாயத் திறக்காது."

சிரிப்பு வரவில்லை. எனக்குச் சில வருடங்களாகவே எதுவும் சரியாக வருவதில்லை. தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

3:42. வீட்டில் எல்லா ஒயரையும் மாட்டினோம். ஸ்பீக்கரை மட்டும் மாட்டவில்லை. தேர்வுக்குத் தேவையில்லை.

திரையில் மணி 4:17 என்று இருந்தது.

மச்சான் திருத்தினான். மறுபடியும் 4:17.

"உள்ள இருக்கற பேட்டரி வீக்கா இருக்கும்," என்று மீண்டும் திருத்தினான். இந்த முறை சரியான மணி நிலைத்தது.

மேலே கையை வைத்துப் பார்த்தேன். ஓடுகிற மெஷின் கொஞ்சமாவது சுட வேண்டும். இது... சில்லென்று இருந்தது.

4:00. தேர்வு தொடங்கியது. மச்சான் வெளியே போய்க் கதவைச் சாத்தினான். ப்ளக் லூஸ். அதனால் நான் மட்டும் மேசைக்கு அடியில், சிபியுவுக்குப் பக்கத்தில், கேமராவில் படாமல், ப்ளக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தப்புதான். வேறு வழியில்லை.

4:17.

'க்ளிக்.'

யாரோ போனை எடுப்பது போல.

"ஹலோ..."

பெண் குரல். பெட்டிக்குள்ளிருந்து.

மகள் தலையை அசைக்கவில்லை. தாழ்ந்த குரலில் திரையில் வந்ததை மட்டும் படித்தாள். "எச்சரிக்கை ஒண்ணு."

"...மூணாவது மாடிங்க... ஒரே புகையா இருக்கு... கதவு திறக்கல..."

இருமல்.

"ரெண்டு," என்றாள் மகள்.

இன்னொரு சொல் வந்தால் போச்சு. ப்ளக்கைப் பிடுங்கினாலும் போச்சு.

எனக்குப் பயம் வரவில்லை.

அந்தக் குளிர்ந்த தகரத்தில் உதட்டை வைத்தேன். குரலில்லாமல், வெறும் மூச்சாகச் சொன்னேன்.

"கேக்குதும்மா. வண்டி கிளம்பிடுச்சு. கதவுக்கு அடியில ஈரத்துணி வைங்க."

இருமல் நின்றது.

ஒரு நீண்ட மூச்சு...

'க்ளிக்.'

5:00. தேர்வு முடிந்தது. மூன்றாவது எச்சரிக்கை வரவேயில்லை.

"அப்பா... எந்த வண்டி?"

நான் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

மறுநாள் காலை 10:30க்குக் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"அது எங்கேருந்து வந்துச்சு?"

"தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைங்க. ஏலத்துல எடுத்தோம். ஆறாம் நம்பர் சீட்ல இருந்த மெஷின். பழைய டிஸ்க்கை அவங்களே உடைச்சுட்டாங்க. ஏன், ஓடலையா?"

"ஓடுது," என்று வைத்துவிட்டேன்.

நான் ஏன் வேலையை விட்டேன் என்று வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. ஆறாம் நம்பர் சீட்டில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தவன் நான்.

ஓர் இடத்தில் தீ என்றால் இருபது பேர் கூப்பிடுவார்கள். அதே தெருவிலிருந்து அடுத்தடுத்து வரும் அழைப்புகளை 'ஏற்கெனவே பதிவானது' என்று குறித்து மூடிவிடுவோம். ஒரு நாள் 4:17க்கு வந்த ஓர் அழைப்பையும் அப்படித்தான் மூடினேன். அதே தெருதான். ஆனால் வேறு வீடு. வண்டி அங்கே போகவேயில்லை.

அந்த அம்மா தெருப் பெயரைச் சொன்னதுமே இணைப்பைத் துண்டித்துவிட்டேன். எந்த மாடி என்று சொல்ல நான் அவரை விடவில்லை.